மருத்துவ ஆராய்ச்சிப் பயிற்சி: கொங்கு நாட்டு மருத்துவர், மருந்தாளுநர், செவிலியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை காந்திபுரத்திலோ ஈரோடு, சேலம் பேருந்து நிலையங்களின் பக்கமோ நடந்து பாருங்கள். 'ஆறே மாதத்தில் கிளினிக்கல் ரிசர்ச், நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று ஏதாவது ஒரு பலகை கண்ணில் படும். ஃபார்ம்.டி. என்ற மருந்தியல் பட்டம் முடித்த பிள்ளைகள், எம்.டி. படிக்கும் இளம் மருத்துவர்கள், பத்து வருடம் வார்டில் நின்று கால் ஓய்ந்த செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல சேரலாமா?"

சேரலாம், ஆனால் அது முதல் வேலை இல்லை. காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கும் முன், நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்வில் ஒரு கையையாவது வைத்திருக்க வேண்டும். ஆய்வைக் கண்ணால் பார்க்காமல் படிப்பை வாங்கினால், எந்தப் படிப்பு நமக்கு உதவும் என்றே தெரியாது. கீழே உள்ள வரிசையை அந்தக் கணக்கில்தான் அமைத்திருக்கிறேன்.

படி 1: எந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள்?

மருத்துவ ஆராய்ச்சி என்பது ஒரே வேலை இல்லை. ஓர் ஆய்வைச் சுற்றி ஏழெட்டு நாற்காலிகள் இருக்கின்றன.

முதல் நாற்காலி ஆய்வாளருடையது. எல்லோரும் பி.ஐ. என்பார்கள். மருந்துச் சோதனை என்றால் இதில் மருத்துவர்தான் உட்கார முடியும். நோயாளிக்கு என்ன ஆனாலும் பொறுப்பு இவர் தலையில்தான். அடுத்து ஒருங்கிணைப்பாளர், அதாவது சி.ஆர்.சி. நோயாளியை வரவழைப்பது, ஒப்புதல் படிவம், ரத்த மாதிரி, மருந்துக் கணக்கு, கோப்புகள் என ஆய்வை உண்மையில் நடத்துபவர் இவர்தான். செவிலியருக்கும் ஃபார்ம்.டி. படித்தவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் கிடையாது. மூன்றாவது, ஆய்வை நடத்தும் நிறுவனத்தின் சார்பில் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ச் சரிபார்க்கும் மானிட்டர், அதாவது சி.ஆர்.ஏ. சம்பளம் நன்றாக இருக்கும், வாரத்தில் பாதி நாள் ரயிலில் போகும். நேராக சி.ஆர்.ஏ. ஆகிவிடலாம் என்று கனவு காண்பவர்கள் அதிகம். ஆனால் ஒன்றிரண்டு வருடம் சி.ஆர்.சி.யாக இருந்துவிட்டுப் போனவர்கள்தான் அந்த வேலையில் நிலைக்கிறார்கள்.

அப்புறம் தரவு மேலாண்மை, மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு, புள்ளியியல், ஆய்வு எழுத்து, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் அலுவலகம். இவற்றில் சில கணினி முன்னால் உட்கார்ந்து செய்பவை. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கோவையிலும் சேலத்திலும் 'மெடிக்கல் கோடிங்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்ப்பது அமெரிக்க மருத்துவமனைகளின் காப்பீட்டு பில்லுக்கு எண் போடும் வேலை. மருந்து ஆய்விலும் கோடிங் உண்டு. 'மெட்ரா' என்ற அகராதியை வைத்து, நோயாளி சொன்ன தொந்தரவுக்குச் சரியான சொல்லைப் பொருத்துவார்கள். இரண்டும் வேறு வேறு தொழில். ஒன்றில் இருந்த அனுபவத்தை இன்னொன்றில் அப்படியே ஏற்க மாட்டார்கள்.

மருத்துவர்களுக்கு ஒரு கூடுதல் கேள்வி. நிறுவனங்கள் கொண்டுவரும் ஆய்வை நடத்தித் தருவது ஒரு பாதை. நம் நோயாளியிடம் நாமே கண்ட கேள்விக்குப் பதில் தேடுவது இன்னொரு பாதை. இரண்டுக்கும் வேண்டிய பயிற்சி வேறு. இரண்டாவது பாதை இங்கே புதிதும் இல்லை. சாலை விபத்தில் கால் எலும்பு வெளியே தெரியும்படி நொறுங்கி வருபவரின் காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்துவிடுவதா என்ற கேள்விக்குக் கோவை கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். 109 காயங்களை வைத்து எழுதிய கட்டுரை 2006-ல் வெளியானது. இன்று 'கங்கா ஸ்கோர்' என்றால் வெளிநாட்டு எலும்பு மருத்துவர்களுக்கும் தெரியும்.

படி 2: இலவசமாகக் கிடைப்பதை முதலில் முடியுங்கள்

இதற்கு மாலை நேரமும் இணையமும் போதும்.

முதலில் ஜி.சி.பி. ஆய்வுகள் உலகம் முழுக்க ஒரே ஒழுங்கில் நடக்க வேண்டும் என்பதற்கான விதித்தொகுப்பு இது. 'தி குளோபல் ஹெல்த் நெட்வொர்க்' தளத்தில் இலவசப் பாடமும் சான்றிதழும் கிடைக்கும். இந்த விதிகளின் மூன்றாம் திருத்தம், ஈ6 ஆர்3, 2025 ஜனவரியில் இறுதியானது. பழைய ஆர்2 பாடத்தை மட்டும் படித்துவிட்டு நேர்காணலுக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.இ. அவர்களின் ஆய்வு அடிப்படைப் பாடம் இணையத்தில் இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் கட்டணம். முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கும் பதவி உயர்வு எதிர்பார்க்கும் பேராசிரியர்களுக்கும் பி.சி.பி.ஆர். என்ற பாடம் கட்டாயம். அதையும் நடத்துவது என்.ஐ.இ.தான். கட்டாயம் என்பதால் பலர் வீடியோவை ஓடவிட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிறார்கள். உண்மையில் அந்தப் பாடம் நன்றாக இருக்கிறது. ஆய்வு வடிவமைப்பு பற்றிய பகுதிகளையாவது பேனாவோடு உட்கார்ந்து பாருங்கள்.

மூன்றாவது, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். 1995 முதல் நடத்திவரும் 'மருத்துவ ஆராய்ச்சியின் கோட்பாடும் நடைமுறையும்' என்ற பாடம். ஐ.பி.பி.சி.ஆர். என்று தேடினால் கிடைக்கும். நீளம் அதிகம், சில விரிவுரைகள் அமெரிக்கச் சட்டம் பற்றியவை. அவற்றைத் தாண்டிப் போகலாம்.

இவற்றோடு மூன்று ஆவணங்களையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்: ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை வழிகாட்டி, 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள், 2024-ல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம். மூன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த விஷயம் எதில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஒரே ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையையும் முழுதாகப் படியுங்கள். 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்த சென்னைக் காசநோய் ஆய்வு அது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்தும் மறு பாதியை வீட்டிலேயே வைத்தும் அதே மருந்தைக் கொடுத்தார்கள். குடிசையில் இருந்து, நல்ல சாப்பாடும் இல்லாமல் மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி நிற்கும் இடத்தை ஊர்க்காரர்கள் இன்னும் 'சானடோரியம்' என்றே சொல்கிறார்கள். அங்கே படிக்கும் மாணவர்களாவது இதைப் படிக்காமல் விடக்கூடாது.

படி 3: நடக்கும் ஆய்வில் கை வையுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார்கள்.

எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஆளைப் பிடிக்க வேண்டியதில்லை. சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 முதல் இணையத்தில் திறந்தே இருக்கிறது. அதில் கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், திருப்பூர் என்று ஊர்ப்பெயர் போட்டுத் தேடுங்கள். எந்த மருத்துவமனையில் எந்த மருத்துவர் எந்த ஆய்வை நடத்துகிறார் என்பது அப்படியே வரும். அரசு மருத்துவக் கல்லூரிகள், பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச். போன்ற கல்லூரி சார்ந்த மருத்துவமனைகள், கண் மருத்துவமனைகள், புற்றுநோய் மையங்கள் ஆகியவற்றில் தேடலைத் தொடங்கலாம். ஊட்டி ஜே.எஸ்.எஸ்., குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கத்து மருந்தியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்குக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைதான் நுழைவாயில்.

கண் ஆய்வு என்றதும் ஓர் உதாரணம். கரும்புத் தோகை கிழித்தோ, நெல் உமி விழுந்தோ கருவிழியில் புண் வந்து பார்வை போகும் விவசாயிகள் நம் பக்கம் நிறைய. ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்தால் பார்வை கூடுதலாகத் திரும்புமா? பல காலமாக மருத்துவர்கள் சண்டை போட்ட கேள்வி இது. அரவிந்த் கண் மருத்துவமனையின் மதுரை, கோவை, திருநெல்வேலி மையங்களும் அமெரிக்க மையங்களும் சேர்ந்து 500 நோயாளிகளிடம் சோதித்தன. 2012-ல் வந்த முடிவு: மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. கோவையில் உட்கார்ந்து சொட்டு மருந்துக் கணக்கு எழுதிய ஒருங்கிணைப்பாளரின் வேலையும் அந்த முடிவுக்குள் இருக்கிறது.

சரி, உள்ளே போவது எப்படி? மனிதவளத் துறைக்கு பயோடேட்டா அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆய்வாளரையோ ஆராய்ச்சித் துறையையோ நேரில் பாருங்கள். ஜி.சி.பி. சான்றிதழைக் காட்டி, "மூன்று மாதம் கூட இருந்து கோப்பு வேலை பார்க்கிறேன்" என்று கேளுங்கள். கோப்பு வேலைக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லும் பி.ஐ. அபூர்வம். நெறிமுறைக் குழு அலுவலகமும் நல்ல இடம்தான். ஒரு வருடத்தில் நூறு ஆய்வுத் திட்டங்கள் உங்கள் கை வழியாகப் போகும். எந்தத் திட்டம் ஏன் திருப்பி அனுப்பப்படுகிறது என்பதை அங்கே கற்பதுபோல் வேறெங்கும் கற்க முடியாது.

உள்ளே போனதும் கவனிக்க வேண்டியவை சிறு விஷயங்கள். எழுத்துப் பிழையை ஒயிட்னர் வைத்து அழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. யாருக்கு எந்த வேலை என்று எழுதிவைக்கும் டெலிகேஷன் லாக்கில் உங்கள் பெயர் ஏறாத வேலையை, மருத்துவரே சொன்னாலும், செய்யக் கூடாது. மருந்துக் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலைப் பதிவில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் எப்படி நிரம்புகின்றன என்று பாருங்கள். அந்த ஒரு தாளை வைத்தே ஓர் ஆய்வு மையத்தின் நேர்மையை எடைபோட்டுவிடலாம். நோயாளிக்குக் கடுமையான பாதிப்பு நேர்ந்தால் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிம அதிகாரிக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தகவல் போக வேண்டும். 14 நாளுக்குள் விரிவான அறிக்கை. இந்த ஓட்டம் ஒரு முறை நடக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு, அதைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

படி 4: இப்போது படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

எதையும் ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். மருத்துவர்களுக்கு முறையான ஆராய்ச்சிப் பயிற்சி தேவை என்று அமெரிக்க என்.ஐ.எச். 1999-ல் கே30 என்ற திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்தது. 2006 முதல் அது சி.டி.எஸ்.ஏ. என்ற பெரிய அமைப்புக்குள் போனது. அந்தக் காலத்தில் வளர்ந்த முதுநிலைப் படிப்புகளில் பொதுவாக இருப்பவை இவை: நோய்ப்பரவியல், புள்ளியியல், ஆய்வு வடிவமைப்பு, நெறிமுறை, நிதி விண்ணப்பம் எழுதுதல். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வழிகாட்டியின் கீழ் சொந்தமாக ஓர் ஆய்வு. நம் ஊர் விளம்பரத்தைக் கையில் எடுத்தால் இந்தக் கடைசி அம்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பல டிப்ளமோக்களில் 'புராஜெக்ட்' என்பது இணையத்திலிருந்து திரட்டிய நாற்பது பக்கம். அதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு எம்.டி. மருந்தியல், எம்.டி. சமூக மருத்துவம் இரண்டும் ஆராய்ச்சிக்கு நேர் வழி. மருந்தியல் முடித்து டி.எம். கிளினிக்கல் ஃபார்மகாலஜி போகலாம். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் என்று ஏற்கெனவே இருப்பவர்கள் பட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் எம்.டி. ஆய்வேட்டையே பயிற்சிக்களமாக்குங்கள். நம் கல்லூரிகளில் ஆய்வேடு என்றால் கடைசி நாளில் பைண்டிங் கடை வாசலில் நிற்கும் சடங்காகிவிட்டது. மூன்று வருடம், ஒரு வழிகாட்டி, கையெட்டும் தூரத்தில் நோயாளிகள். இப்படி ஒரு வசதி வாழ்க்கையில் மறுபடி வராது.

நோய்ப்பரவியலில் ஆழமாகப் போக என்.ஐ.இ.யின் எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலைப் பட்டம்), புதுச்சேரி ஜிப்மரின் எம்.பி.எச். ஆகியவற்றைப் பாருங்கள். எண்களோடு நட்பு உள்ளவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யின் எம்.எஸ்சி. உயிர்ப்புள்ளியியல். புள்ளியியல் தெரிந்தவருக்குக் கொங்கு நாட்டில் எவ்வளவு பஞ்சம் என்பது ஆய்வேட்டு மாதங்களில் தெரியும்.

ஃபார்ம்.டி. 2008-ல் வந்த ஆறு வருடப் படிப்பு. அதில் மருத்துவ ஆராய்ச்சி ஒரு பாடமாகவே இருக்கிறது. அதை முடித்தவர் மறுபடி ஆறு மாத டிப்ளமோவில் சேர்வதில் எனக்குப் பெரிய நியாயம் தெரியவில்லை. அந்தப் பணத்துக்குப் புள்ளியியலோ தரவு மேலாண்மை மென்பொருளோ கற்கலாம். பி.ஃபார்ம். என்றால் எம்.ஃபார்ம். ஃபார்மசி பிராக்டிஸ் இரண்டு வருடம், அதுவே போதும்.

செவிலியர்கள் தங்களைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ரத்தம் எடுக்கத் தெரியும், நோயாளியிடம் பேசத் தெரியும், பதிவேடு எழுதும் பழக்கம் உண்டு. ஜி.சி.பி. மட்டும் சேர்ந்தால் ஒரு சி.ஆர்.சி. தயார். பட்டம் அப்புறம் வரட்டும். பிசியோதெரபி, பல் மருத்துவம், சித்தா படித்தவர்களுக்கும் கதவு மூடியில்லை. சித்த மருந்து ஆய்வுகளும் சி.டி.ஆர்.ஐ.யில்தான் பதிவாகின்றன.

வேலையை விடாமல் வெளிநாட்டுப் பட்டம் வேண்டும் என்றால் லண்டன் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் கல்லூரியின் 'கிளினிக்கல் டிரையல்ஸ்' எம்.எஸ்சி. தொலைநிலையில் இருக்கிறது. தரம் நல்லது, கட்டணம் பவுண்டில். ஹார்வர்டின் சான்றிதழ்ப் பயிற்சிகளும் விலை உயர்ந்தவைதான். வங்கிக் கடன் வாங்கிச் சேர வேண்டிய படிப்புகள் இவை என்று நான் நினைக்கவில்லை. சொந்தமாக ஒரு கட்டுரை வெளியிட்ட பிறகு உதவித்தொகையோடு போவது வேறு கதை. 2008-ல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பு மருத்துவர்களுக்கென்றே ஃபெலோஷிப்புகளைத் தந்துவருகிறது. ஆனால் போட்டி கடுமை.

சேரும் முன் அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்: பட்டம் தருவது யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமா, அல்லது நிறுவனம் தானே அச்சடித்துத் தரும் தாளா? புள்ளியியல் எத்தனை மணி நேரம், யார் எடுக்கிறார்? எந்த மருத்துவமனையில், எந்த ஆய்வில் என்னை உட்கார வைப்பீர்கள்? போன வருடம் முடித்த இருவரின் எண் தருவீர்களா? நான்காவது கேள்விக்கு முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 5: உங்கள் கேள்வியை ஆய்வாக்குங்கள்

ஒரு கேள்வியை எடுத்து முழுக்கப் பார்ப்போம். சோமனூர், பல்லடம், குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டுபவர்கள் உரக்கப் பேசுவார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். 'விசைத்தறித் தொழிலாளர் நலம்' என்று தலைப்பு வைத்தால் அது ஆய்வு ஆகாது. குறுக்குங்கள். குறைந்தது 5 வருடம் தறி ஓட்டிய, 25 முதல் 50 வயதுக்குள் உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குக் காது மந்தம்? இப்போது கேள்விக்கு உடம்பு வந்துவிட்டது.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்? ஆய்வேடுகளில் எல்லோரும் போடும் சூத்திரம் 4பி.கியூ. வகுத்தல் டி ஸ்கொயர். முந்தைய ஆய்வுகளை வைத்து 30 சதவீதம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். பி என்பது அந்த 30, கியூ என்பது நூறில் மீதி 70, ஐந்து சதவீதம் கூடக்குறையலாம் என்றால் டி 5. 4 பெருக்கல் 30 பெருக்கல் 70, வகுத்தல் 25. விடை 336. பத்தில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்தால் 374 பேரை அழைக்க வேண்டும். இதில் ஒரு கள்ளத்தனம் நடப்பதுண்டு. டி-யை 5-க்குப் பதில் 6 என்று வைத்தால் 336 என்பது 234 ஆகச் சுருங்கிவிடும். 'எண்பது பேர் போதும், அதற்கு ஏற்ற கணக்குப் போட்டுக் கொடுங்கள்' என்று புள்ளியியலாளரிடம் கேட்கும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். எண்ணை முதலில் முடிவுசெய்துவிட்டுச் சூத்திரத்தை வளைக்காதீர்கள்.

அடுத்து அளவீடு. சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவரின் காதைச் சோதித்தால் தற்காலிக மந்தமும் சேர்ந்து வரும். குறைந்தது 14 மணி நேரம் வேலையிடச் சத்தம் இல்லாமல் இருந்த பிறகு சோதிப்பது வழக்கம். தறிக்கூடத்தில் இரவு ஷிப்ட் ஓடும்போது இது எப்படி? விடுமுறைக்கு மறுநாள் காலை, ஷிப்டுக்கு முன்னால். அதாவது வாரத்தில் ஒரே ஒரு காலைப்பொழுது. 374 பேரை அப்படிச் சோதிக்க எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டால்தான் ஆய்வுத் திட்டத்தின் கால அட்டவணை உண்மையாகும்.

காது அடைப்பான் கொடுத்துப் பார்க்கும் சோதனையாக இதை நீட்டினால் இன்னொரு சிக்கல் வரும். ஒரே கூடத்தில் ஒருவருக்குக் கொடுத்து அடுத்தவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆகவே ஆளைக் குலுக்காமல் கூடத்தைக் குலுக்க வேண்டும். ஒரே கூடத்தில் இருப்பவர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள் என்பதால் எண்ணிக்கை கூடும். கூடத்துக்கு 11 பேர், ஒரே கூடத்தார் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று அளக்கும் ஒற்றுமைக் கெழு 0.05 என்றால் தேவை ஒன்றரை மடங்கு. இந்த ஒன்றரை மடங்கை மறந்ததாலேயே நல்ல ஆய்வுகள் பல இதழ்களால் திருப்பி அனுப்பப்படுகின்றன.

படி 6: நெறிமுறைக் குழு, பதிவு, ஒப்புதல்

குழு கூடும் தேதியை முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அடிக்கடி கூடுவதில்லை. 2019 விதிப்படி குழுவில் குறைந்தது ஏழு பேர், பாதிக்கு மேற்பட்டோ பாதியோ வெளியாட்கள், அதில் சட்டம் தெரிந்தவர் ஒருவர், பாமரர் ஒருவர். அந்தப் பாமர உறுப்பினருக்குப் புரியும்படி உங்கள் சுருக்கத்தை எழுதுங்கள். மற்றவர்களுக்கும் புரிந்துவிடும். ஒப்புதல் வந்ததும், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே, சி.டி.ஆர்.ஐ. பதிவு முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதிப் பதிவை அவர்கள் ஏற்பதில்லை.

ஒப்புதல் பெறுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மருந்துச் சோதனைக்கான இந்தியப் படிவத்தில் கல்வித்தகுதி, தொழில், ஆண்டு வருமானம், நாமினி பெயர் எல்லாம் கேட்கப்படும். ஒரு மருத்துவமனையில் காங்கேயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர், நாமினி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"நாமினி எதுக்குங் கண்ணு? நா போயிருவேன்னு முடிவே பண்ணீட்டீங்களா?"

ஒருங்கிணைப்பாளர் பெண் படிவத்தைக் கீழே வைத்தார். "அப்படியில்லீங்கய்யா. இந்த மருந்தால உங்களுக்கு ஏதாச்சும் கெடுதல் வந்துச்சுன்னா கம்பெனிக்காரங்க வைத்தியமும் பாக்கோணும், நட்டஈடும் குடுக்கோணும். அது யாரு கைக்குப் போகோணும்னு நீங்கதான் சொல்லோணுமுங்க."

"அப்பக் கெடுதல் வருமுங்களா?"

"வரலாமுங்க. அதத்தான் இந்த ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்குது. மறுக்கா ஒருக்காப் படிச்சுக் காட்டட்டுங்களா?"

அவர் அன்று கையெழுத்துப் போடவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விட்டார். அந்தப் பெண் செய்தது முறையான ஒப்புதல் நடைமுறை. அன்றைக்கே கைநாட்டு வாங்கியிருந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும், அவ்வளவுதான்.

எழுதப்படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். 7 முதல் 12 வயதுக் குழந்தையிடம் வாய்மொழிச் சம்மதமும், 12 முதல் 18 வரை எழுத்துச் சம்மதமும், பெற்றோர் ஒப்புதலோடு சேர்த்து வாங்குவது ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல். திருப்பூரில் ஆய்வு செய்பவர்கள் தமிழ்ப் படிவம் மட்டும் தயாரித்தால் போதாது. பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசுபவர்கள் ஏராளம். அந்த மொழிப் படிவங்களுக்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும். பக்கத்து மிஷினில் நிற்பவரை மொழிபெயர்க்கச் சொல்லிச் சமாளிக்கக் கூடாது.

படி 7: நோயாளியைத் தக்கவைத்தல், தரவு, எழுத்து

மறுபரிசோதனைக்கு வராமல் போவதுதான் இந்தப் பக்கத்து ஆய்வுகளைக் கொல்லும் நோய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனி மூடினால் வடமாநிலத் தொழிலாளி ஊருக்குப் போய்விடுவார், அதே கம்பெனிக்குத் திரும்புவார் என்ற உறுதி இல்லை. சனிக்கிழமை சம்பள நாள், யாரும் லீவு போடமாட்டார்கள். ஞாயிறு காலை விசிட் வைத்தால் வருவார்கள். மஞ்சள் அறுவடை மாதங்களில் ஈரோட்டுப் பக்கத்து விவசாயியைக் கூப்பிடாதீர்கள். நோயாளி எண்ணோடு வீட்டில் இன்னொருவர் எண்ணையும், அவர் சம்மதத்தோடு, வாங்கி வையுங்கள். வந்துபோகும் பஸ் செலவைக் கொடுப்பதற்கும் குழுவிடம் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள்.

தரவுக்கு எபி இன்ஃபோ, ஜமோவி, ஆர் என்ற மென்பொருள்கள் எல்லாம் இலவசம். திருட்டு மென்பொருளில் செய்த கணக்கைக் கட்டுரையில் எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. நோயாளிகளின் பெயர் இருக்கும் எக்செல் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை மட்டும் இன்றே விடுங்கள்.

எழுதும்போது குலுக்கல் ஆய்வுக்குக் கான்சார்ட், நோக்கு ஆய்வுக்கு ஸ்ட்ரோப் என்ற, கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'மூன்று நாளில் ஏற்பு, கட்டணம் மட்டும் அனுப்பவும்' என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பதவி உயர்வுக்காகக் கட்டுரை போடுபவர்களை வைத்தே பிழைக்கின்றன. அதில் போட்ட கட்டுரை பின்னாளில் ஃபெலோஷிப் நேர்காணலில் சங்கடமாக எழுந்து நிற்கும்.

விண்ணப்பிக்கும் நேரம்

என்.பி.டி.இ.எல். என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்கள் வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். ஜனவரிச் சுற்றில் அடிப்படைப் பாடத்தை முடித்தால் கோடையில் ஆய்வு மையத்தில் கோப்பு வேலைக்குப் போகலாம், அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்குக் கையில் அனுபவத்தோடு விண்ணப்பிக்கலாம். சி.ஆர்.சி. நேர்காணலுக்குப் போகிறவர்கள் ஜி.சி.பி. சான்றிதழ் நகல், நீங்கள் இருந்த ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. எண், டெலிகேஷன் லாக்கில் உங்களுக்குத் தரப்பட்டிருந்த வேலைகளின் பட்டியல் மூன்றையும் எடுத்துப் போங்கள். நோயாளி பெயர் இருக்கும் எந்தத் தாளையும் கொண்டுபோகாதீர்கள். அதைக் காட்டினால் அந்த நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும். 'திட்டத்திலிருந்து விலகல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்' என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். என்ன நடந்தது, யாரிடம் எப்போது தெரிவித்தீர்கள், எந்தப் படிவத்தில் எழுதினீர்கள் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லப் பழகி வையுங்கள்.